ஏசி கெபின் வாங்கினால் அப்பாவின் இருமல் நிற்குமா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். தன் பெயரும் ஊர்ப் பெயரும் வரக்கூடாது என்று கேட்டதால் இரண்டையும் விட்டுவிட்டேன். நீண்ட கடிதம், சுருக்கினால் விஷயம் இதுதான்.

அவருடைய அப்பாவுக்கு 57 வயது. கிளிநொச்சிப் பக்கம் ஆறு ஏக்கர் வயல் இருக்கிறது, அதோடு ஊராரின் காணிகளையும் வாடகைக்கு உழுது கொடுக்கிறார். இருபது வருடத்துக்கு மேலாகத் திறந்த உழவு இயந்திரம்தான், தலைக்கு மேலே வெயிலுக்கு ஒரு தகரக் கூரை. இரண்டு வருடமாக இருமல். சூடடிக்கிற காலத்தில் மூச்சு இழுக்கிறது, இரவில் எழுந்து உட்காருகிறார். வீட்டில் டிவி சத்தம் வருடா வருடம் ஏறுகிறது. இடுப்பு வலியும் உண்டு. 24 வயதுத் தம்பி ஏ.எல். முடித்துவிட்டு அப்பாவோடு மெசினில் ஏறிவிட்டார். இப்போது பழையதை விற்றுவிட்டு, கண்ணாடிக் கெபினும் ஏசியும் உள்ள புது மெசின் எடுக்கலாமா என்று வாசகி யோசிக்கிறார். விற்பனை ஆள், "தூசி, சத்தம், மருந்து வாசம் ஒன்றும் உள்ளே வராது, கவிழ்ந்தாலும் ஒன்றும் ஆகாது" என்று சொல்லியிருக்கிறார். முற்பணத்துக்கு வாசகியின் கலியாணத்துக்கென்று சேர்த்த காசு, மீதிக்கு லீசிங். அப்பாவோ, "கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருந்து உழ நான் என்ன ஜீ.ஏ.யோ (அரசாங்க அதிபரோ)?" என்று கேட்டு மறுத்துவிட்டாராம். கடைசியில் ஒரே கேள்வி: "அப்பாவின் நெஞ்சு சுகமாகும் என்றால் காசு பெரிதில்லை டொக்டர். வாங்கட்டா?"

தங்கச்சி, இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் கேட்டால், இல்லை. அப்பாவின் நெஞ்சைச் சுகப்படுத்துவதற்கென்று அதை வாங்க வேண்டாம். ஆனால் உங்கள் வீட்டில் ஒருவருக்கு அந்தக் கெபின் உண்மையிலேயே பிரயோசனப்படலாம், அது யார் என்பதைப் பிறகு சொல்கிறேன். நான் நெஞ்சு நோய் பார்க்கிறவன், மெசின் விற்கிறவன் இல்லை. ஆனாலும் கொழும்பில் என்னிடம் வருகிற வன்னி ஆட்களில் பாதிப்பேரின் கதை உழவில் தொடங்கி மெசினில் முடிகிறது என்பதால் இதில் கொஞ்சம் வாய் வைக்கலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் நெஞ்சைப் பரிசோதியுங்கள்

உங்கள் கடிதத்தில் இருமல் என்ற சொல் ஒன்பது இடத்தில் வருகிறது, எந்த இடத்திலும் பரிசோதனை என்று இல்லை. இருமலுக்குப் பாணி வாங்கிக் கொடுத்தது, பக்கத்துக் கடை டொக்டரிடம் காட்டியது, ஊசி போட்டது எல்லாம் இருக்கிறது. நம் நாட்டில் இரண்டு கிழமைக்கு மேல் இருமல் இருந்தால் சளி பரிசோதிக்க வேண்டும் என்பது அடிப்படை விதி. உங்கள் அப்பாவுக்கு இரண்டு கிழமை இல்லை, இரண்டு வருடம். காசநோய் என்று நான் சொல்லவில்லை, பயப்படவும் வேண்டாம், ஆனால் அது இல்லை என்று உறுதியாகத் தெரியாமல் தூசியின் தலையில் பழியைப் போடக் கூடாது. மாவட்டங்களில் மார்பு நோய் கிளினிக் இருக்கிறது, சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் அரச சேவையில் இலவசம். கொழும்புக்குக் கூட்டிவர வேண்டும் என்றுகூட இல்லை.

அடுத்தது ஸ்பைரோமெட்ரி. ஒரு குழாயில் முழுப் பலத்தோடு ஊதச் சொல்வார்கள், பிறகு இன்ஹேலர் கொடுத்துவிட்டுத் திரும்ப ஊதச் சொல்வார்கள். இரண்டாவது தடவை ஊதுகிற அளவு நன்றாகக் கூடினால் ஆஸ்துமாப் பக்கம், அவ்வளவாகக் கூடாவிட்டால் சுருங்கிப்போன மூச்சுக் குழாய்கள் நிரந்தரமாகவே அப்படி ஆகியிருக்கலாம். இரண்டுக்கும் வைத்தியம் உண்டு, ஆனால் வேறு வேறு. ஈரமாகக் கிடந்து பூஞ்சணம் பிடித்த வைக்கோல், நெல் தூசியைச் சுவாசித்துச் சில மணித்தியாலம் கழித்துக் காய்ச்சலும் இருமலும் வருகிற ஒவ்வாமை நோயும் இருக்கிறது. காலையில் சூடடித்த ஆளுக்குப் பின்னேரம் குளிர்காய்ச்சல் மாதிரி வரும், அடுத்த நாள் போய்விடும், ஆட்கள் பனடோல் போட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். அப்பாவிடம் இப்படி வந்ததுண்டா என்று கேட்டுப் பாருங்கள். வைத்தியரிடம் இதை நீங்களாகச் சொன்னால்தான் அவர் அந்தத் திசையில் யோசிப்பார்.

அப்புறம் மூன்றாம் பக்கத்தின் நடுவில், அடைப்புக்குறிக்குள், "சுருட்டு மூன்று மட்டும்தான், அதுவும் பின்னேரத்தில்" என்று எழுதியிருக்கிறீர்கள். அடைப்புக்குறிக்குள் போடுகிற விஷயமா அது? நாளுக்கு மூன்று சுருட்டு, இருபது முப்பது வருடம் என்றால், சூடடிக்கிற சில கிழமைத் தூசியை விட அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. ஏசி கெபினுக்குள் இருந்து சுருட்டுப் பிடித்தால் நிலைமை இன்னும் மோசம்.

தூசி எப்போது வருகிறது

இதைத்தான் விற்பனை ஆள் சொல்லமாட்டார். கெபின் தூசியைத் தடுக்கும், உண்மை, ஆனால் உங்கள் அப்பா தூசிக்குள் இருக்கிற நேரமெல்லாம் மெசினில்தான் இருக்கிறாரா?

வருடத்தை ஒரு தடவை மனதில் ஓட்டிப் பாருங்கள். பெரும்போகத்துக்கு முந்திய புழுதி உழவு, சோழகக் காற்றோடு சேர்ந்து வருகிற செம்மண் தூசி, அது மெசினில் இருக்கும்போது வருவது. கெபின் அங்கே நன்றாக உதவும். கிரவல் ரோட்டில் பெட்டி (டிரெய்லர்) இழுப்பதும் அப்படித்தான். ஆனால் தண்ணீர் விட்டுச் சேறடிக்கிறபோது தூசியே இல்லை, அந்த நாட்களில் கெபின் வெறும் நிழல். அறுவடையில் வெட்டு மெசின் வேறு ஆளுடையது. அப்பா கீழே நின்று மூட்டை பிடிக்கிறார், நெல்லைக் காயப் போடுகிறார், தூற்றுகிறார், வைக்கோல் அள்ளுகிறார். உமித்தூசியில் பூஞ்சண வித்தும் இருக்கும், உமியிலே இயற்கையாக உள்ள சிலிக்காவும் இருக்கும். நீங்கள் சொன்ன மூச்சிழுப்பு சரியாக இந்தக் காலத்தில்தான் வருகிறது. புழுதி உழவில் வருகிறது என்று ஒரு வரியும் எழுதவில்லை! அப்படியென்றால் அவரை வருத்துகிற தூசி அவர் மெசினை விட்டு இறங்கிய பிறகு வருகிற தூசி. அதற்குக் கெபின் என்ன செய்யும்? அந்த வேலையைத் தம்பியோ கூலிக்கு ஒருவரோ செய்யட்டும், அப்பா தூசி தன் மேல் வராதபடி காற்று வருகிற பக்கமாகத் தள்ளி நிற்கட்டும், நிற்கத்தான் வேண்டும் என்றால் என்95 முகக்கவசம் போடட்டும். தம்பிக்கும் அதே கவசம். வாயில் சால்வையைச் சுற்றுவது மண்ணைத் தடுக்கும், நுண் தூசியைத் தடுக்காது.

வயலுக்கு அடிக்கிற மருந்தின் வாசம் பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் வயலுக்கு மருந்தடிப்பது முதுகில் தூக்குகிற தாங்கியால், நடந்து. மெசினுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மெசினில் பூட்டி மருந்தடித்தாலும் எல்லாக் கெபினும் அதைத் தடுக்காது. ஐரோப்பாவில் கெபின்களை நாலு வகையாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் வகையில் பாதுகாப்பு எதுவும் இல்லை, இரண்டாவது தூசியை மட்டும் தடுக்கும், மூன்றாவது தூசியையும் மருந்துத் துளிகளையும், நாலாவது மட்டும்தான் ஆவியையும் சேர்த்துத் தடுக்கும். ஆவியைப் பிடிக்க வடிகட்டியில் கரி இருக்க வேண்டும், சாதாரணக் காகித வடிகட்டி வழியாக அது தாராளமாக வரும். மருந்தடித்த சாரத்தோடு ஏறிக் கதவைப் பூட்டிக்கொண்டால் வெளியே இருந்த மருந்தை உள்ளே கொண்டுவந்து அடைத்தது மாதிரி ஆகிவிடும். மருந்து பெரும்பாலும் தோல் வழியாகத்தான் உடம்புக்குள் போகிறது, ஆகவே கையுறை, முழுக்கைச் சட்டை, காற்றுப் பார்த்து அடிப்பது, உடனே குளிப்பது, உடுப்பைத் தனியாகத் தோய்ப்பது, இவைதான் வேலை செய்யும்.

காது

இங்கே விற்பனை ஆள் சொன்னது பெருமளவு சரி. ஒரு நாளைக்கு எட்டு மணித்தியாலம் கேட்கக்கூடிய சத்தத்தின் எல்லையாக 85 டெசிபெல்லை வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகக் குறைகிறது. 88 என்றால் நாலு மணித்தியாலம், 91 என்றால் இரண்டு, 94 என்றால் ஒன்று. பாரம் இழுக்கிற திறந்த மெசினில் 90 தாண்டுவது சாதாரணம். உங்கள் அப்பா காலை ஆறுக்கு ஏறிப் பின்னேரம்தான் இறங்குகிறார். டிவி சத்தத்துக்குக் காரணம் அநேகமாக அதுதான்.

ஆனால் சத்தத்தால் போன கேட்கும் சக்தி திரும்பாது. கெபின் இனிப் போவதைத்தான் குறைக்கும். தொழிற்சாலையில் பொருத்திய நல்ல கெபினுக்குள் சத்தம் வெகுவாக இறங்கும், கதவு பூட்டியிருந்தால் மட்டும். அதே வேலையில் பெரும்பகுதியைச் சில ஆயிரம் ரூபாய்க் காதுமூடியும் செய்யும், வெயிலில் வியர்க்கும் என்பதுதான் குறை. அப்பாவைக் காது மூக்கு தொண்டைக் கிளினிக்கிலும் ஒரு தடவை காட்டுங்கள், கேட்கும் கருவி தேவைப்படலாம்.

கவிழ்வது

"கவிழ்ந்தாலும் ஒன்றும் ஆகாது" என்பது ஆபத்தான வாக்கியம். கெபின் என்பதற்காக அது நசுங்காது என்று இல்லை. ரோப்ஸ் என்று சொல்கிற பாதுகாப்புச் சட்டகம் அதற்குள் இருக்க வேண்டும், அது சோதித்தது என்று சொல்கிற சிறு தகடு கெபின் தூணிலோ சீட்டுக்குப் பின்னாலோ பதித்திருக்க வேண்டும். தகட்டில் எந்த மொடலுக்கு, எந்த நியமப்படி (ஐஎஸ்ஓ 5700 அல்லது ஓஈசிடி கோட் 4) சோதித்தது என்று எழுதியிருக்கும். தகடு இல்லையென்றால் அது மழைக்கும் வெயிலுக்குமான பெட்டி. பட்டறையில் ஆங்கிள் இரும்பை ஒட்டிச் செய்கிற கெபின் இன்னும் மோசம், பாரத்தை மேலே ஏற்றி மெசினைக் கவிழத் தயாராக்கிவிடும். தம்பி யாராவது சொல்லி அந்த யோசனைக்குப் போனால் தடுத்துவிடுங்கள்.

கெபின் இல்லாமலும் இந்தப் பாதுகாப்புக் கிடைக்கும் என்பதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். சீட்டுக்குப் பின்னால் நிற்கிற இரண்டு தூண் சட்டகமும் சீட் பெல்ட்டும் போதும். சுவீடனில் 1959இலேயே புது உழவு இயந்திரங்களுக்குச் சட்டகத்தைக் கட்டாயமாக்கினார்கள், பிறகு வந்த வருடங்களில் கவிழ்ந்து சாகிறவர்கள் வெகுவாகக் குறைந்தார்கள். இதில் ஒரு விதியைத் தம்பிக்கு மனப்பாடம் செய்ய வையுங்கள்: சட்டகம் இருந்தால் பெல்ட் போட வேண்டும், சட்டகம் இல்லாத மெசினில் பெல்ட் போடவே கூடாது. உங்கள் அப்பாவின் தகரக் கூரை சட்டகம் இல்லை.

வயலில் கவிழ்வது பெரும்பாலும் வரம்பு ஏறும்போதும் வாய்க்கால் ஓரத்திலும் நடக்கும். அதைவிடப் பயங்கரமானது பின்பக்கமாக மல்லாந்து விழுவது. சேற்றில் புதைந்தால் பின் சில்லோடு மரக்குற்றியைக் கட்டிக் கிளப்புகிற பழக்கம் நம் ஆட்களிடம் இருக்கிறது. சில்லு சுற்ற முடியாமல் நின்றால் மெசினின் முன்பக்கம் மேலே எழும்பும், ஓரிரு வினாடியில் எல்லாம் முடிந்துவிடும், கிளச்சை மிதிக்க நேரம் கிடைக்காது. சங்கிலியை இழுவைக் கொழுக்கிக்கு மேலே, உயரத்தில் கட்டி இழுத்தாலும் இதே கதிதான். புதைந்தால் இன்னொரு மெசினைக் கூப்பிடுங்கள்.

கெபினால் எதுவும் செய்ய முடியாத இன்னொன்று பீடீஓ தண்டு, அதாவது எஞ்சினின் பலத்தைப் பின்னால் பூட்டுகிற கருவிக்குக் கொண்டுபோகிற சுழலும் தண்டு. நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது வினாடிக்கு ஒன்பது. அப்பா சாரத்தோடு உழுவதாக எழுதியிருக்கிறீர்கள். ஓடுகிற தண்டில் சாரத்தின் நுனி பட்டால் இழுத்துக்கொண்டுதான் போகும். மூடி உடைந்திருந்தால் இந்தக் கிழமையே மாற்றுங்கள், இறங்குவதற்கு முன் தண்டை நிறுத்துவது வழக்கமாகட்டும். காற்சட்டை போடச் சொல்வது உங்களால் முடியாது என்று தெரியும், தம்பியாவது போடட்டும்.

ஏசி

"ஏசிக் காற்று நெஞ்சுக்கு ஆகாது" என்று அப்பா சொல்வதில் பாதி உண்மை. குளிர்ந்த காற்றுப் பட்டதும் சில ஆஸ்துமாக்காரருக்கு நெஞ்சு இறுகும். 25, 26 பாகையில் வைத்து, முகத்துக்கு நேரே அடிக்காமல் திருப்பிவிட்டால் பெரும்பாலானவர்களுக்குப் பிரச்சினை வராது. எனக்குள்ள கவலை வேறு. ஏசி பழுதான கண்ணாடிக் கெபின் சித்திரை வெயிலில் திறந்த மெசினை விடக் கொடுமை. உடனே கதவைத் திறந்து கட்டிவிடுவார்கள், அத்தோடு தூசித் தடுப்பும் சத்தத் தடுப்பும் போய்விடும். சிறு மெசின்களில் ஏசி எஞ்சினின் பலத்திலும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், சுருள் கலப்பை பூட்டினால் அது தெரியும். வடிகட்டியும் ஏசியின் கம்பி வலையும் உமியால் அடைபடும், அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டும். கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ யார் வந்து பழுது பார்ப்பார், வடிகட்டி என்ன விலை, எத்தனை நாளில் வரும் என்று கேளுங்கள். கேட்டதற்கு விற்பனை ஆள் சிரித்து மழுப்பினால் உங்கள் பதில் கிடைத்துவிட்டது.

இடுப்பு வலிக்குக் கண்ணாடி உதவாது. நல்ல ஸ்பிரிங் சீட் உதவும், அது திறந்த மெசினிலும் பூட்டலாம்.

சரி, அப்போ என்ன செய்வது?

அந்தக் கெபின் யாருக்குப் பிரயோசனம் என்று முதலில் சொன்னேனே, உங்கள் தம்பிக்கு. அவருக்கு 24 வயது, காதும் நெஞ்சும் இன்னும் முழுசாக இருக்கின்றன, இனி முப்பது வருடம் இதே வேலை என்றால் காப்பாற்ற வேண்டியவை அவருடையவைதான். ஆகவே நீங்கள் வீட்டில் பேச வேண்டிய முதல் விஷயம் மெசின் விலை இல்லை, தம்பி உண்மையிலேயே இந்தத் தொழிலில் இருக்கப் போகிறாரா என்பது. வெளிநாடு போகிற யோசனை மனதில் இருக்கும்போது அவருடைய பெயரில் ஐந்து வருட லீசிங் போடாதீர்கள். இருக்கப் போகிறார், புழுதி உழவும் பெட்டி இழுப்பும் நிறையக் கிடைக்கிறது, பழுது பார்க்க ஆள் கிட்ட இருக்கிறார் என்றால் தொழிற்சாலையில் பொருத்திய கெபின் நியாயமான செலவு. ஆறு ஏக்கரும் பக்கத்து வயல்களின் சேற்று உழவும்தான் வேலை என்றால் நான் கெபின் எடுக்க மாட்டேன். பழைய மெசினையே வைத்து, முகவரிடம் கேட்டு அந்த மொடலுக்கென்றே செய்த சட்டகமும் பெல்ட்டும் பூட்டி, சீட்டை மாற்றி, காதுமூடியும் முகக்கவசமும் வாங்குவேன். அதற்குப் புது மெசினின் முற்பணத்தில் ஒரு பங்குதான் ஆகும்.

காசு விஷயம் என் துறை இல்லை, ஒன்று மட்டும் சொல்கிறேன். 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டப்படி, லீசிங் முடியும்வரை மெசின் கம்பனிக்குச் சொந்தம். தவணை தவறினால் வயலில் நிற்கிற மெசினை எடுத்துக்கொண்டு போவார்கள், கட்டிய முற்பணத்தைக் கேட்டு நீங்கள் அலைய வேண்டிவரும். உத்தரவாதக் கையெழுத்து உங்களுடையதென்றால் கடனும் உங்களுடையது. ஒரு போகம் மழை பிழைத்தாலும் தவணை நிற்காது. கலியாணக் காசைத் தொடுவதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் பத்திரத்தை வாசிக்கக் கொடுங்கள்.

அப்படியும் வாங்குவதென்றால் மத்தியான வெயிலில் போங்கள். தம்பி உள்ளே ஏறி, கதவைப் பூட்டி, சுருள் கலப்பை ஓடுகிற வேகத்துக்கு எஞ்சினை வைத்து அரை மணித்தியாலம் இருக்கட்டும். சாதாரணக் குரலில் நீங்கள் பேசுவது பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கிறதா, உடம்பு வியர்க்கிறதா என்று பாருங்கள். கதவு ரப்பரைத் தடவிப் பாருங்கள், வாய்க்காலுக்குள் சரிந்து கதவு அடைபட்டால் வேறு எந்த வழியால் வெளியே வரலாம் என்று கேளுங்கள், தகட்டைப் போனில் படமெடுங்கள். உங்கள் கொட்டிலின் உயரத்தையும் அளந்துகொண்டு போங்கள், கெபின் மெசின் உள்ளே போகாமல் மழையில் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

அப்பாவோடு கதைக்கும்போது கெபின் பேச்சையே எடுக்காதீர்கள். அடுத்த லீவில் போய் மார்பு நோய் கிளினிக்குக்கு மட்டும் கூட்டிக்கொண்டு போங்கள், சேற்றில் இறங்குகிற காலமென்றால் எலிக்காய்ச்சலுக்கான தடுப்பு மாத்திரையையும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு வாங்குங்கள். சுருட்டைப் பற்றி நீங்கள் சொன்னால் வீட்டில் சண்டைதான் வரும், அதைக் கிளினிக் வைத்தியர் சொல்லட்டும், முன்கூட்டியே அவரிடம் காதோடு சொல்லிவையுங்கள். சளி, எக்ஸ்ரே, ஸ்பைரோமெட்ரி மூன்றின் முடிவும் வந்ததும் எனக்கு அனுப்புங்கள், மெசின் விலைப்பட்டியலை அதற்குப் பிறகு பார்க்கலாம்.